வாமடைக்கு ஆள் தேவை

ஜூன் 7, சனி

காலையிலிருந்து காற்று. அல்லிநகரம் முழுக்கப் புழுதி. மாடியில் காயப்போட்ட போர்வை பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல். போய்க் கேட்டு வாங்கி வந்தேன்.

பெங்களூர்க் கம்பெனியிலிருந்து பதில். வேலை உண்டு. வீட்டிலிருந்தே செய்யலாம். ஜூலை முதல் தேதி சேர வேண்டும். எல்லாம் சரி, ஆனால் சேர்ந்த பிறகு வெளியே எந்த நிரலும் எழுதக் கூடாதாம், இலவசமாகக்கூட. கிணற்று முறைக்காக நான் எழுதிய வாமடைக்கு மட்டும் விலக்குக் கேட்டிருந்தேன். "எங்கள் கொள்கை அனுமதிக்காது" என்று ஒற்றை வரி. மறுக்கவும் வழியில்லை. இப்போது இருக்கும் கம்பெனி இந்த மாதத்தோடு மூடுகிறது.

ஆக, மாதம் முடிவதற்குள் வாமடையைப் பார்த்துக்கொள்ள ஆள் பிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் முதல் கோளாறிலேயே அது படுத்துவிடும். அதை நம்பி இருக்கிற கிணறுகள் பழையபடி சண்டைக்குப் போகும்.

அறிவிப்பு எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு:

"கம்பம் பள்ளத்தாக்கில் பல கிணறுகள் கூட்டுக் கிணறுகள். ஒரு கிணறு, ஒரு மோட்டார், நாலைந்து பங்குதாரர்கள். த்ரீ பேஸ் கரண்ட் வரும்போதுதான் மோட்டார் ஓடும். இன்று யார் முறை, நடுவில் கரண்ட் போனால் மிச்ச நேரத்தை எப்போது ஈடுகட்டுவது என்று கணக்குப் போட்டு அவரவர் போனுக்குச் சொல்வது வாமடை. கட்டற்ற மென்பொருள். நிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், வளர்க்கலாம். வாருங்கள்."

இவரிடம் வாசித்துக் காட்டினேன். பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்துவது மாதிரியே மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்.

"நல்லாத்தேன் இருக்கு. திறந்தே இருக்குதுங்குற. இத்தன வருசமா ஒருத்தரும் உள்ள வரலையே, ஏன்?"

விளம்பரம் போதவில்லை. வேறென்ன.

கேஸ் சிலிண்டர் பதிய வேண்டும். மறந்தாயிற்று.

ஜூன் 8, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து அண்ணன் தோட்டம். பந்தலில் திராட்சை கறுக்கத் தொடங்கியிருக்கிறது. பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், வாய்க்காலில் பிள்ளைகள் கூட்டம்.

நான் இருக்கும்போதே கரண்ட் வந்தது. அண்ணன் சட்டைப்பையிலிருந்து என் குரல்: "உங்கள் முறை தொடங்கிவிட்டது. மோட்டாரைப் போடவும். உங்கள் முறை தொடங்கிவிட்டது..." படிக்கத் தெரியாதவர்களுக்காக நான் பதிவு செய்தது. பட்டனை அழுத்தும்வரை விடாது. எனக்கே காது கூசியது. அண்ணனுக்கு அதில் ஒரு பெருமை.

"எந்தங்கச்சி மெரட்டுனாத்தேன் எனக்குக் காலே நகரும்." முருகேசன் மாமாவிடம் சொல்லிச் சிரிப்பு. மாமாவும் அதே கிணற்றில் ஒரு பங்குதாரர்.

பிறகு மாமா முறை. அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். திடீரென்று குழாய் கழன்று தண்ணீர் பாதையெல்லாம் பீய்ச்சுகிறது. அண்ணன் மோட்டார் ரூம் வாசலில் நின்றுகொண்டு போனில் கத்துகிறார், "மாமா, ஓடியாங்க, கொழாய் கழண்டுருச்சு!" சுவிட்ச் கைக்கெட்டும் தூரம். நான் போய் அணைக்கப் போனேன். கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"ஏ ஜெசி, கிறுக்கா ஒனக்கு? அது அவுக முறை."

"தண்ணி வீணாப் போகுதுண்ணே."

"போகட்டும். அடுத்தவுக முறையில சுவிட்சத் தொட்டா களவுதேன். நல்லதுக்குத் தொட்டாலும் களவுதேன்."

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து அணைக்கும்வரை இருவரும் வேடிக்கை பார்த்தோம். எனக்குக் கை நமநமத்தது. என்ன ஜனங்களோ.

அறிவிப்பைக் காட்டினேன். அண்ணன்: "சம்பளமில்லாம எவன் ஆத்தா வருவான்?"

ஜூன் 10, செவ்வாய்

நேற்று காலை அறிவிப்பைப் போட்டேன். தமிழ்க் கணினிக் குழுக்கள், பழைய கல்லூரி வாட்சப், பங்குதாரர் குழுக்கள், எல்லா இடத்திலும். இதுவரை வந்தவை:

- "சம்பளம் எவ்வளவு?" (நிறைய பேர்)
- "ஹாய் சிஸ்டர்"
- சென்னைக்காரர் ஒருவர், முழுவதையும் வேறு மொழியில் புதிதாக எழுதினால் உதவத் தயாராம். வாமடை என்றால் என்ன என்றும் கேட்டிருக்கிறார். வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாய் என்று சொன்னேன். "ஓ, நைஸ்."
- ஒருவர் முகப்புப் பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி சேர்த்து அனுப்பியிருக்கிறார். அது தேவையில்லாத இடம்.

அலுவலக வேலையில் மனம் நிற்கவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விரல் வலி. வெண்டைக்காய் கருகிப்போனது.

தேனியில் ஒரு கல்லூரியில் சனிக்கிழமை கூட்டம் போடச் சம்மதித்திருக்கிறார்கள். கேஸ் பதிந்தாயிற்று.

ஜூன் 14, சனி

கல்லூரிக் கூட்டம். அரங்கு நிறைந்துவிட்டது. ஒரு மணி நேரம் பேசினேன், கிணறு, முறை, கரண்ட், நிரல் எல்லாம். கேள்வி உண்டா என்றதும் முதல் வரிசையில் ஒரு கை.

"மேம், சர்டிபிகேட்டு இன்னைக்கே குடுத்துருவீகளா?"

துறைத் தலைவர் காதருகே: "அவங்க கேக்குறது நியாயந்தான் மேடம். சர்டிபிகேட் உண்டுன்னு நாந்தான் சர்க்குலர்ல போட்டேன். இல்லாட்டி சனிக்கிழம எவன் வருவான்?"

மதியம் எல்லோருக்கும் எலுமிச்சைச் சாதப் பொட்டலம். பிறகு 'நேரடிப் பங்களிப்பு'. ஆளுக்கொரு மாற்றம் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் அத்தனையும் ஒன்றே: பங்களித்தவர்கள் பெயர்ப் பட்டியலில் தன் பெயரைச் சேர்த்தது. வேறொன்றும் இல்லை. ஒரு பையன் தன் பெயரோடு அவன் நண்பன் பெயரையும் சேர்த்து, பக்கத்தில் ஓர் இதயம்.

அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இவர் பார்த்துவிட்டு: "பந்திக்கு முந்துறவன் கூட இல வரைக்கும் வருவான். இவுக பேரு மட்டும் எழுதிட்டுப் போயிட்டாகளே."

தலைவலி. சீக்கிரம் படுக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

ஆள் வந்துவிட்டது!!

ஷைனி. சுருளிப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள், பிறந்த வீடு கேரளாவில், கட்டப்பனைப் பக்கம். கொச்சிக் கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறாள், நம் தொழில்தான். மாமனார் வீட்டுக் கிணற்றில் வாமடை ஓடுகிறது. பங்குதாரர் குழுவில் அறிவிப்பைப் பார்த்திருக்கிறாள். பேசாமல் கொள்ளாமல் ஒரு மாற்றம் எழுதி அனுப்பிவிட்டுப் பிறகுதான் போன்.

"சேச்சி, எங்க கிணத்துல ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்ல துட்டி விழுந்தா, அவங்க முறை வர்றப்ப அடுத்த பங்குக்காரர் போய் அவங்க வயலுக்குத் தண்ணி கட்டணும். கணக்குல வராது. திருப்பித் தரவும் வேணாம். வாமடையில அதுக்கு இடமே இல்ல. அதான் எழுதினேன்."

எங்கள் பக்கத்திலும் உண்டு இது. சாவு விழுந்த வீட்டுப் பயிர் காயக் கூடாது என்பது. எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? அண்ணனிடம், இவரிடம், பால் கொடுக்க வந்த அக்காவிடம்கூடச் சொன்னேன்.

பிறகு உட்கார்ந்து நிரலைப் படித்தேன். ஓடுகிறது. ஆனால் நீளம். பெயர்கள் பாதி மலையாளம், பாதி தமிழ். ஒரே பெயரை இரண்டு இடத்தில் தனித்தனியாக வைத்திருக்கிறாள்: முறை யார் கணக்கில், செய்தி யாருக்குப் போக வேண்டும் என்று. இரண்டு எதற்கு, ஒன்று போதாதா? கொஞ்சம் திருத்தலாம் என்று தொடங்கினேன். கை நிற்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் முழுவதும் என் நிரல். பாதி நீளம், அழகாக வந்துவிட்டது.

"மிக்க நன்றி ஷைனி. சின்னச் சின்னத் திருத்தங்களுடன் சேர்த்துவிட்டேன்" என்று அனுப்பினேன்.

இவர் தேநீரோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சமைக்க ஆள் வேணும் ஆள் வேணும்ன. வந்த புள்ள கையில இருந்து கரண்டியப் புடுங்கிட்ட."

"கரண்டி பிடிக்கத் தெரியணும்ல." எரிச்சல்தான் வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு பழமொழி மாதிரிப் பேச வேண்டியது.

ஜூன் 18, புதன்

ஷைனியிடமிருந்து ஒன்றும் காணோம். நேற்று இன்னும் நாலு வேலைகளை எழுதி, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினேன். நீல டிக் விழுந்துவிட்டது.

மதியம் பதில்: "சாரமில்ல சேச்சி, நல்லா இருக்கு. இந்த வாரம் கொஞ்சம் வேலை."

மலையாளத்தில் 'பரவாயில்லை'. நான் மன்னிப்புக் கேட்கவே இல்லையே, எதற்குச் சாரமில்ல?

ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அலமாரி அடுக்கினேன். மிக்சியைக் கழற்றித் துடைத்தேன். புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி எழுதினேன், எப்படிப் பெயர் வைப்பது, எங்கே இடைவெளி விடுவது, எதை எதைச் செய்யக் கூடாது. பதினோரு பக்கம் போய்விட்டது. இவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, எடை பார்ப்பதுபோலக் கையில் தூக்கிப் பார்த்து வைத்துவிட்டார்.

நாளை மாலை பெங்களூர் பஸ். வெள்ளிக்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு, லேப்டாப் வாங்க வேண்டும். எடுத்து வைக்க: அசல் சான்றிதழ்கள், போட்டோ, சார்ஜர், தலைவலி மாத்திரை.

ஜூன் 19, வியாழன்

பஸ் ஏறுமுன் ஷைனி செய்தி. அவர்கள் கிணற்றுப் பங்குதாரர் பழனி, அவருடைய அப்பா காலையில் தவறிவிட்டார். "துட்டிப் பட்டனை அழுத்திட்டேன் சேச்சி. நாளைக்கு அவங்க முறை."

ஆழ்ந்த இரங்கல் என்று அனுப்பினேன். உண்மையில் முதலில் மனதில் வந்தது இரங்கல் இல்லை. உள்ளே சேர்த்த மூன்றாம் நாளே பயன்படுகிறதே என்றுதான் வந்தது. இங்கே எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள்.

ஜன்னல் சீட்டு. ஆண்டிபட்டிக் கணவாயில் காற்று பஸ்ஸையே தள்ளுகிறது.

ஜூன் 20, வெள்ளி

பெங்களூர் பஸ் நிலையம்.

காலையில் கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிட்டார்கள். உள்ளே கையெழுத்து, போட்டோ, காத்திருப்பு, மறுபடி கையெழுத்து. மதியம் தாண்டி வெளியே வந்து போனை வாங்கினால் திரை முழுக்கத் தவறிய அழைப்புகள். அண்ணன், ஷைனி, ஷைனி, ஷைனி.

நடந்தது: காலையில் கரண்ட் வந்திருக்கிறது. பழனி அப்பாவை இன்னும் எடுக்கவில்லை. பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார்கள். ஆணியில் மாட்டியிருந்த பழனி சட்டையிலிருந்து என் குரல்.

"உங்கள் முறை தொடங்கிவிட்டது. மோட்டாரைப் போடவும். உங்கள் முறை தொடங்கிவிட்டது..."

அடுத்த பங்குதாரருக்குப் போக வேண்டிய செய்தி. துட்டி வீட்டுக்கே போய்விட்டது. சட்டை எது, போன் எங்கே என்று தேடும்வரை விடாமல் கத்தியிருக்கிறேன். ஒரு பெரியம்மா எழுந்து, "பொணத்தப் போட்டு வச்சுருக்கையில மோட்டாரப் போடுன்னு எவடி அவ?" என்று கேட்டார்களாம். ஷைனிதான் கூட்டத்தைத் தாண்டி ஓடிப் போனை அணைத்திருக்கிறாள். அடுத்தவருக்குச் செய்தி போகாததால் யாரும் தண்ணீர் கட்டவில்லை. கரண்டும் போய்விட்டது. பழனி நட்டு நாலு நாள் ஆகாத தக்காளி நாற்று, இந்தக் காற்றில்.

காரணம் தெரிய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஷைனி இரண்டு இடத்தில் வைத்த பெயரை நான் ஒன்றாக்கினேன். முறை துட்டி வீட்டுக் கணக்கில்தான் இருக்க வேண்டும், செய்தி மட்டும் அடுத்தவருக்குப் போக வேண்டும். அதற்குத்தான் இரண்டு. நான் அழகாக்கியதில் ஒன்று செத்தது.

ஷைனியைக் கூப்பிட்டேன். குரல் நிதானமாகவே இருந்தது, அதுதான் தாங்கவில்லை.

"சேச்சி, காலையிலயே சரி பண்ணி அனுப்பிட்டேன். உள்ள சேர்க்க எனக்கு உரிமை இல்ல. உங்களுக்கு மட்டும்தான் உண்டு. வேற கிணத்துல யாராவது அந்தப் பட்டனை அழுத்திடக் கூடாதேன்னு எனக்குப் பயம்."

திறந்தே இருக்கிறது என்று ஊரெல்லாம் எழுதினேன். சாவி என் இடுப்பில்.

நடைமேடையில் நின்றபடியே போனில் அவளுக்கு முழு உரிமையும் கொடுத்தேன். கடவுச்சொல் இரண்டு முறை தப்பாக அடித்தேன். சற்று நேரத்தில் அவளே சேர்த்துவிட்டாள். நான் படித்துப் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டது இதுதான் முதல் தடவை.

அவமானம். பஸ் வந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. நேராகச் சுருளிப்பட்டி. ஷைனி ரோட்டில் நின்றிருந்தாள். நான் நினைத்ததைவிடச் சின்னவள், கழுத்தில் அலுவலகத்துக்குப் பேசும் ஹெட்போன் அப்படியே தொங்குகிறது. துட்டி கேட்க இருவருமாகப் போனோம்.

பழனி மொட்டைத் தலையோடு எழுந்து வந்தார். நான் வாயைத் திறந்து "அண்ணே" என்றதுமே நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் கொரலு நீங்கதானா?"

ஆமாம் என்றேன். மன்னிச்சிருங்க என்றேன்.

"விடுங்க தாயி. எங்கய்யா ஒரு முறை விட்டவரு இல்ல. காச்சல்ல கெடந்தப்பவும் மம்பட்டியத் தூக்கிட்டுப் போனவரு." சுவரோரம் சாய்த்திருந்த மம்பட்டியைக் காட்டினார். "மோட்டாரப் போடுன்னு சத்தங் கேட்டதும் நான் அவுகளத்தேன் திரும்பிப் பாத்தேன். எந்திரிச்சுருவாரோன்னு."

ஷைனி அழுதுவிட்டாள். நானும்.

நாற்றுக்கு முந்தாநாள் சாயங்காலமே ஷைனியின் கணவர் தண்ணீர் கட்டியிருக்கிறார். பாதி தேறும் என்கிறார்கள்.

திரும்பும்போது கேட்டேன், ஏன் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஆள் வேணும்னு எழுதியிருந்தீங்க. அனுப்பினேன். திரும்பி வந்ததுல என்னோடது ஒரு வரிகூட இல்ல. அப்ப ஆள் வேணாம்போலன்னு தோணுச்சு சேச்சி."

பஸ் ஸ்டாப் வரை அவளோடு நடந்தேன். பிறகு, "முப்பதாந்தேதியோட நான் வெளியே. வாமடையை நீ எடுத்துக்கிறியா?" என்று கேட்டேன். "எடுத்துக்கிறேன். ஆனா என் இஷ்டத்துக்குச் செய்வேன்" என்றாள்.

பதினோரு பக்க வழிகாட்டியை அழித்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

காற்று குறையவே இல்லை. வாசலில் வேப்பங்கிளை முறிந்து விழுந்திருக்கிறது.

ஷைனி பொறுப்பில் ஐந்து நாள். அந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறாள்: "பேர் சேர்த்தவங்க யாராவது நிஜமா வேலை செய்யலாம்னா வாங்க, சின்ன வேலை தர்றேன்." இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். குச்சனூர்ப் பெண் கௌசல்யா. அப்புறம் இதயம் போட்ட பையன்.

முகப்பில் மோட்டார் ஓடிய நேரம் ஒரு நிமிடம் கூடுதலாகக் காட்டுகிறது. எளிய கோளாறு. ஷைனிக்கும் தெரிந்திருக்கிறது, குறித்து வைத்திருக்கிறாள், ஆனால் சரிசெய்யவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. சோறு வைத்துவிட்டுத் திறந்தேன், குக்கர் இறங்குமுன் முடித்துவிடலாம் என்று. பாதியில் ஷைனி போன்.

"சேச்சி, உள்ள நீங்கதானே?"

"சின்ன விஷயம்தான் ஷைனி, இதோ..."

"அது கௌசல்யாவுக்கு வச்சிருக்கேன். தெரிஞ்சேதான் விட்டு வச்சேன். புதுசா வர்றவங்களுக்கு எளுப்பமா ஒண்ணு வேணாமா? ரெண்டு நாளா அந்தக் குட்டி மல்லுக்கட்டுது. உங்க அண்ணன் தோட்டத்துல அவர் முறையில வேற ஆள் சுவிட்சைத் தொடுவாங்களா? கைய எடுங்க."

குக்கர் அடி பிடித்துவிட்டது. கோபம் கொஞ்சம் இருந்தது. சாயங்காலம் கௌசல்யா அனுப்பியதைப் பார்த்தேன். சுற்றி வளைத்து எழுதியிருக்கிறாள், ஆனால் சரி. ஷைனி ஒரு எழுத்தும் மாற்றாமல் சேர்த்து, கீழே "அடுத்தது எது எடுக்குறே?" என்று கேட்டிருந்தாள். கௌசல்யா உடனே அடுத்ததை எடுத்துக்கொண்டாள்.

ஐந்து வருடத்தில் நான் யாரிடமும் அதைக் கேட்டதில்லை.

ஜூன் 30, திங்கள்

இன்று என் உரிமையை நானே எடுத்துவிட வேண்டும். ஒரு பட்டன்தான். காலையிலிருந்து அதைத் தவிர எல்லாம் செய்தேன். துணி, பாத்திரம், ரேஷன் கடை, பழைய செருப்பைத் தைக்கக் கொடுத்தது. இவர் பள்ளியிலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பஜ்ஜி வாங்கப் போய்விட்டார். நல்ல மனிதர்.

அவர் வருவதற்குள் அழுத்திவிட்டேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஆமாம்.

பஜ்ஜி ஆறுவதற்குள் அண்ணன் போன். பின்னால் காற்றுச் சத்தம், மோட்டார் ரூம் கதவு தடதடவென்று அடிக்கிறது.

"ஏ ஜெசி, இங்கன கரண்டு வந்துருச்சு. ஒன் கொரலக் காணோமே. வேற யாரோ புள்ளையில்ல பேசுது."

"பேசச் சொல்லுங்கண்ணே, கேக்குறேன்."

போனைப் பக்கத்தில் பிடித்தார். கௌசல்யாவாகத்தான் இருக்க வேண்டும். மெதுவாக, கொஞ்சம் கூச்சத்தோடு: "உங்க முறை வந்துருச்சுங்க. முடிஞ்சப்ப மோட்டாரைப் போடுங்க." ஒரே தடவை. அப்புறம் ஒரு சின்ன மணி, அவ்வளவுதான். அதட்டலே இல்லை.

"இதுக்கெல்லாம் எனக்கு முழிப்பு வராது ஆத்தா. பழசையே போடச் சொல்லவா? நீ ஒரு வார்த்த சொன்னா மாத்திருவாகல்ல?"

என் குரல் இனி எந்தக் கிணற்றிலும் கேட்காது.

"வேணாண்ணே. இப்ப அவுக முறை. நீங்க போய் மோட்டாரப் போடுங்க."